விக்டரை கஸ் கொன்றது எதற்காக? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடரின் 4-ஆம் சீசன் முதல் எபிசோட் (2011) வில்லன் கஸ்ஸைப் பற்றி நான் எழுதும் குறிப்பில் ஓரிடம் பிடிபடவில்லை. இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போதைப்பொருள் வியாபாரி கஸ், மெத் என்ற போதைப்பொருள் தயாராகும் தன் ரகசிய ஆய்வகத்துக்குள் இறங்கி வருகிறார். கோட்டைக் கழற்றி நிதானமாக மாட்டுகிறார், வேலை உடுப்புக்கு மாறுகிறார். கையில் அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தி. அங்கே அவருக்காக மெத் சமைக்கும் வால்ட் உயிருக்குக் கெஞ்சிப் பேசிக்கொண்டே போக, இவர் வாயே திறப்பதில்லை. கடைசியில் அறுபடுவது சொந்த ஆள் விக்டரின் கழுத்து! திரும்ப உடைமாற்றிக்கொண்டு, போய் வேலையைப் பாருங்கள் என்று ஒரே வரி. கஸ்ஸாக வரும் ஜான்கார்லோ எஸ்பொசிட்டோ குரலை உயர்த்தாமலே குலைநடுங்க வைக்கிறார். கஸ்ஸின் வலதுகை மைக்கே பதறித் துப்பாக்கியை உருவுகிறார், கவனியுங்கள். அவருக்கும் முன்கூட்டித் தெரியாது. வால்ட்டின் கூட்டாளி ஜெஸ்ஸி மட்டும் கஸ்ஸை விட்டுக் கண்ணெடுப்பதில்லை.

சுட்டுக் கொல்லப்பட்ட இன்னொரு மெத் தயாரிப்பாளர் கேலின் வீட்டருகே விக்டரைப் பலர் பார்த்துவிட்டதா காரணம், அல்லது கஸ் சொல்லாமலே மெத் சமைக்கத் துணிந்ததா? முதலாவது என்றால் கஸ் ஆபத்தைக் கணக்குப் போடுபவர். இரண்டாவது என்றால் எல்லை மீறலைப் பொறுக்காதவர். ஆளே வேறாகிவிடுகிறார். பின்னால் வரும் காட்சிகளில் எதற்காவது ஆதாரம் இருந்தால் எபிசோட் எண், நிமிடத்தோடு சொல்லுங்கள், சரிபார்க்க வசதியாக இருக்கும்.