மறு: கிவியின் ‘கிராப்’ – கைப்பற்றலா, தொடுபிடியா?

> ‘கிராப்’ என்பதற்குக் ‘கைப்பற்றல்’ போதும். உலாவியின் ‘பாயின்டர் கேப்சர்’ என்பதற்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பைத்தானில் செயலித் திரை அமைக்கும் நூலகமான கிவியின் ஆவணத்துக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘கைப்பற்றல்’ உலாவிக்குச் சரி. அங்கே ஓர் உறுப்பு சுட்டியைக் கேப்சர் செய்துவிட்டால், விரல் வேறோர் உறுப்பின் மேல் ஊர்ந்தாலும் நிகழ்வுகள் பிடித்த உறுப்புக்கே திருப்பிவிடப்படும். கிவியில் அப்படி எதுவும் பறிபோவதில்லை. தொடுகையைப் பிடித்துக்கொள்ள ‘டச்.கிராப்(செல்ஃப்)’ எழுதிய பின்னும், விட்ஜெட் (திரை உறுப்பு) மரத்தின் வழியே வழக்கமான விநியோகம் நடக்கிறது. அது முடிந்ததும் கிராப் செய்த விட்ஜெட்டுக்கு அதே நிகழ்வு தனியாக இன்னொரு தடவை வருகிறது.

‘கைப்பற்றல்’ என்று படிக்கும் புதியவர், நிகழ்வு தனக்கு மட்டும், ஒரே தடவைதான் வரும் என்று நம்பி, விரல் நகரும்போது ஓடும் ‘ஆன்_டச்_மூவ்’ உள்ளே, விரல் கிடையாக நகர்ந்த தூரமான ‘டச்.டிஎக்ஸ்’ மதிப்பை நேரே கூட்டுவார். இழுக்கும் படம் விரலைப் போல இருமடங்கு தூரம் ஓடும். ‘டச்.கிராப்_கரன்ட் இஸ் செல்ஃப்’ என்று சோதித்து, அந்தத் தனி வரவில் மட்டும் நகர்த்த வேண்டும்.

இந்த வசதி எதற்கு என்பதையும் பார்க்க வேண்டும். கிவி தொடுகையை இடம் பார்த்து அனுப்புவதில்லை. ‘கொலைட்_பாயின்ட்’ கொண்டு விட்ஜெட்தான் தன் எல்லையைச் சோதிக்கிறது. அதே சோதனையை அசைவுக்கும் வைத்தால், ஸ்லைடரை விட்டு விரல் சற்று விலகியதுமே இழுவை நின்றுவிடும். மேலே கிடக்கும் இன்னொரு விட்ஜெட் ‘நிகழ்வை நானே எடுத்துக்கொண்டேன்’ என்ற பொருளில் ‘ட்ரூ’ திருப்பினால், விரல் எடுத்த செய்தியே நமக்கு வராமல் போகலாம். இரண்டுக்கும் மருந்து கிராப்தான். வேலை, தொடுகையை விடாமல் பிடித்திருப்பது. ஆகவே ‘தொடுபிடி’ என்கிறேன். விரல் எடுக்கும்போது அழைக்கும் ‘அன்கிராப்’ என்பதற்குப் ‘பிடிவிடல்’.

---

> ஆகவே ‘தொடுபிடி’ என்கிறேன்.

வழிமொழிகிறேன். இந்த இழையில் முன்பு முன்மொழியப்பட்ட ‘பற்று’ சுருக்கமானதுதான். ஆனால் கணக்குச் செயலியின் திரையில் பற்று, வரவு என்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

ஒரு வரம்பு மட்டும் குறிக்க வேண்டும்: செயலி அமைக்கும் இன்னொரு கருவித்தொகுப்பான பிளட்டருக்கு இச்சொல்லை நீட்டாதீர்கள். அங்கே விரல் பட்டதும் தட்டல், இழுத்தல் போன்ற பல சைகை அறிவான்கள் ஓர் ‘அரீனா’வுக்குள் இறங்குகின்றன; ஒன்று வெல்ல, மற்றவை விலக்கப்படுகின்றன. அதற்குச் ‘சைகைக் களம்’ என்று தனிச்சொல் வேண்டும். ‘விட்ஜெட்’ விட்ஜெட்டாகவே இருக்கட்டும். அதைத் தமிழாக்கும் பஞ்சாயத்து இந்த இழையில் முடியாது.

ஆவணத்தில் இப்படி ஓடவிட்டுப் பார்த்தேன், தடுக்கவில்லை:

“விரல் படும்போது எல்லையைச் சோதித்துத் தொடுபிடி இடவும். அசைவு வரும்போது, அது தொடுபிடி வழி வந்ததா எனப் பார்த்த பிறகே நகர்த்தவும். விரல் எடுக்கும்போது பிடிவிடவும்.”