சீற்றுக்கு அடியில் பூட்டிய சின்னப் பெட்டி என்ன செய்கிறது?

கொக்குவில் பௌதிகம் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது ஜப்பானில் ஓடிப் பிறகு இங்கே வந்த சின்னப் பெற்றோல் கார். அண்மையில் எயார்பாக் லைற் அணையாமல் எரியத் தொடங்கியது. கராஜில் கம்பியூட்டரைப் பூட்டிப் பார்த்தார்கள். முன் இடது சீற்றில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சர் பழுதாம். புதிது எடுப்பதென்றால் சீற்றுக் குசனோடு சேர்த்துத்தான் வரும், விலையும் கட்டுப்படியாகாது என்றார்கள். கடைசியில் சீற்றுக்கு அடியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைச் செருகினார்கள். லைற் அணைந்துவிட்டது.

நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு பெட்டியை நம்பிப் பயணம் செய்ய மனம் வரவில்லை. அது சென்சரின் வேலையைச் செய்கிறதா, அல்லது லைற்றை மட்டும் அணைத்து வைத்திருக்கிறதா?

இன்னொன்றையும் கவனித்தேன். பெட்டி பூட்டிய நாளிலிருந்து, இடது சீற்றில் ஒருவரும் இல்லாவிட்டாலும் பெல்ற் போடச் சொல்லும் லைற் மினுங்குகிறது. முன்பு அப்படி இல்லை. மனைவி கைக்குழந்தையோடு அந்தச் சீற்றில்தான் இருந்து வருவார். அதனால்தான் கேட்கிறேன்.

வேலணை வயரிங் எழுதியது:

மாஸ்ரர், முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையை இன்றைக்கே பின் சீற்றுக்கு மாற்றுங்கள். காரணம் கீழே வருகிறது.

உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். வெறும் சீற்றுக்கும் பெல்ற் லைற் மினுங்குகிறது என்றால், "ஆள் இருக்கிறார்" என்று பெட்டி இரவு பகலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

எயார்பாக் கம்பியூட்டர் சாவி போட்டவுடன் தன்னோடு தொடுத்திருக்கும் எல்லாவற்றையும் விசாரிக்கும். பேசும் மொழி பல இடங்களில் வெறும் தடைதான். சீற்று உறையின் கீழே இருக்கும் மெத்தை சென்சர் இரண்டு மெல்லிய பிளாஸ்ரிக் தாள். நடுவே தொடுகைப் புள்ளிகள். ஆள் இருந்து பாரம் விழும்போது புள்ளிகள் தொட்டுக்கொள்ளும், தடை மாறும். தாள் மடிந்து எங்கேயாவது அறுந்தால் தடை முடிவிலிக்குப் போகும். கம்பியூட்டர் "இப்படி ஒரு பதில் இருக்கவே முடியாது" என்று லைற்றைப் போடும். உங்கள் பெட்டிக்குப் போகும் வயர் இரண்டு மட்டும் என்றால், உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு தடையிதான் இருக்கும். மூன்று அல்லது நான்கு வயர் என்றால் 12 வோல்ற், எர்த், செய்தி வயர் என்று வரும். அதற்குள் ஒரு சின்ன சிப் இருந்து கதைக்கும்.

எயார்பாக்கும் இதே வழியில்தான் சோதிக்கப்படுகிறது. அதை வெடிக்க வைக்கும் முனையின் தடை இரண்டு ஓம் அளவில் இருக்கும். கம்பியூட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி அதை அளக்கும். விபத்தில் பாக் வெடித்துப்போன காருக்குப் புதிய பாக் போடாமல், அந்த இடத்தில் இரண்டு ஓம் சொச்சத்தில் ஒரு தடையியை ஒட்டி மூடிவிட்டுக் காரை விற்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். லைற் ஒழுங்காக அணையும். அடிபடும் நேரம் ஸ்ரியரிங்கிலிருந்து ஒன்றும் வராது. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

இன்னும் மோசமாக, எயார்பாக் லைற்றின் வயரைக் கழற்றி ஒயில் லைற்றோடு முடிந்துவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல் சாவியை ஓன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். எயார்பாக் லைற் சில செக்கன் எரிந்து தானாக அணைய வேண்டும். ஒயில் லைற் ஸ்ரார்ட் பண்ணும்வரை எரியும். இரண்டும் சேர்ந்து அணைந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டாம் கை கார் வாங்கப் போகிற எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

சரி, குழந்தை விசயம். சில கார்களில் முன் சீற்றில் பாரம் குறைவு என்று கண்டால் அந்தப் பக்க எயார்பாக் நிறுத்தப்படும். அப்படிப்பட்ட காரில் "பெரிய ஆள்" என்று எப்போதும் சொல்லும் பெட்டியைப் போட்டால், அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது. பாக் கண் இமைக்கும் நேரத்துக்குள் ஊதி வெளியே வரும். பாக்குக்கு நேரே தாயின் மடியில் இருக்கும் குழந்தையின் தலை அந்த அடியைத் தாங்காது. உங்கள் காரில் அந்தத் தானியங்கி ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டாஷ்போர்டில் "பசெஞ்சர் எயார்பாக் ஓஃப்" என்று ஒரு லைற் இருக்கும்.

கொக்குவில் பௌதிகம் எழுதியது:

அண்ணை, உங்கள் பதிலை வாசித்த கையோடு மனைவியையும் குழந்தையையும் பின் சீற்றுக்கு மாற்றிவிட்டேன். எயார்பாக் லைற் தனியாக அணைகிறது, ஒயில் லைற் பிறகுதான் அணைகிறது. பெட்டிக்கு வருவது இரண்டு வயர். நீங்கள் சொல்லும் "ஓஃப்" லைற் டாஷ்போர்டில் எங்கும் இல்லை. அப்படியென்றால் என் காரில் பெட்டியால் ஆபத்து இல்லையா?

வேலணை வயரிங் எழுதியது:

அந்த லைற் இல்லாத பழைய ஜப்பான் சின்னக் கார்களில் சீற்று சென்சர் பெரும்பாலும் பெல்ற் ஞாபகப்படுத்த மட்டும்தான் இருக்கும். இடது எயார்பாக் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெடிக்கும். எனவே அப்படிப்பட்ட காரில் பெட்டி புதிதாக ஆபத்தைக் கொண்டுவரவில்லை. ஆனால் குழந்தைக்கான ஆபத்து முதலிலிருந்தே அங்கே இருந்தது, பெட்டியைக் கழற்றினாலும் இருக்கும். அதனால் பின் சீற்றுத்தான், மாஸ்ரர். எங்கள் ஊரில் குழந்தையை மடியில் வைத்து முன்னால் இருப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நான் இதைச் சொல்கிறேன்.

டோர்ட்முண்ட் கராஜ் எழுதியது:

வேலணை அண்ணை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஜேர்மனியில் வேலை செய்கிறேன், சொந்த ஊர் சுன்னாகம்.

நான்கு வயர்ப் பெட்டிகள் வேறு ரகம். 2007இல் வந்த மெர்சிடிஸ் சி கிளாஸ் (டபிள்யூ204) காரில் ஸ்ரியரிங்கைப் பூட்டும் பகுதிக்குள் ஒரு சின்ன மோட்டர் இருக்கிறது. அது தேய்ந்து நின்றால் சாவி போட்டாலும் கார் ஸ்ரார்ட் ஆகாது. அந்த இடத்தில் எமுலேற்றர் என்ற பெட்டியைப் பூட்டுவார்கள். சாவிப் பகுதி "பூட்டுத் திறந்துவிட்டதா?" என்று கேட்கும், பெட்டி "திறந்துவிட்டது" என்று சரியான வடிவத்தில் செய்தி அனுப்பும். ஸ்ரியரிங் பூட்டு இனி இல்லை, அதனால் கள்ளனுக்கு ஒரு தடை குறைவு. ஓடுகிறவருக்கு அதனால் ஆபத்து இல்லை. இந்தப் பெட்டியை நான் மனம் ஒப்பித்தான் பூட்டுவேன்.

காருக்குள் பெரிய பகுதிகள் ஒன்றோடொன்று கதைப்பது கான் என்ற முறையில். 1986இல் பொஷ் நிறுவனம் வெளியிட்டது. இரண்டு வயர் முறுக்கி ஓடும். சும்மா இருக்கும்போது இரண்டிலும் 2.5 வோல்ற். செய்தி போகும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். கேட்கிற பகுதி வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி ரத்தாகிவிடும். செய்தியில் "இது என்ன செய்தி" என்ற இலக்கம் இருக்கும், "இதை அனுப்பியது யார்" என்பது இருக்காது. எமுலேற்றர்கள் பிழைப்பது இந்த இடத்தில்தான். 2023இல் வெளியே வந்த திருட்டு முறையும் இதே ஓட்டையால்தான்: முன்விளக்கைக் கழற்றி, அங்கே வரும் கான் வயரில் போலிச் செய்தியைச் செலுத்திக் காரைத் திறந்துகொண்டு போனார்கள். அதற்காகத்தான் புதிய கார்களில் செய்தியோடு ஒரு இரகசியக் குறியையும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

வாத்தியார், பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு அளவை: சாவியை எடுத்து, பற்றரியின் நெகற்றிவைக் கழற்றிவிட்டு, ஸ்ரியரிங்கின் கீழே இருக்கும் சோதனைச் சொக்கற்றில் 6ஆம், 14ஆம் முனைகளுக்கு இடையே தடையை அளவுங்கள். கான் உள்ள காரில் 60 ஓம் வர வேண்டும். இரு முனையிலும் 120 ஓம் தடையிகள் சமாந்தரமாக இருப்பதால்தான் அது. 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

கொக்குவில் பௌதிகம் எழுதியது:

அளந்தேன். 60.3 ஓம். மல்ரிமீற்றரைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். அடுத்த சமாந்தரத் தடைப் பாடம் காருக்குப் பக்கத்தில்தான்.

இன்னொரு கேள்வி. புகைப் பரிசோதனைக்குப் போகும்போது, எஞ்சின் லைற்றை அணைக்கவும் ஒரு பெட்டி உண்டு என்று நண்பர் சொன்னார். அது எப்படி?

வேலணை வயரிங் எழுதியது:

அது சைலன்சர் குழாயில் இருக்கும் இரண்டாவது ஒட்சிசன் சென்சருக்கு. புகையைத் துப்புரவாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது பல கார்களில் 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கொன்வேட்டர் ஒழுங்காக இருந்தால் பின்னால் இருப்பது அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போல ஆடத் தொடங்கினால் கம்பியூட்டர் பி0420 என்ற குறியோடு லைற்றைப் போடும். அந்தப் பெட்டியின் மிக எளிய வடிவம் 1 மெகா ஓம் தடையியும் 1 மைக்ரோபரட் கொள்ளளவியும். இரண்டையும் பெருக்குங்கள் மாஸ்ரர், நேர மாறிலி 1 செக்கன். அதைவிட வேகமாக ஆடுவதெல்லாம் மழுங்கி, நேர்கோடு போலத் தெரியும்.

நல்ல பௌதிகம்தான், ஆனால் நான் பூட்ட மாட்டேன். கொன்வேட்டருக்குள் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் அதைக் கழற்றி விற்றுவிட்டு இந்தப் பெட்டியைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகையைப் பின்னால் சைக்கிளில் வருகிற பிள்ளைதான் சுவாசிக்கிறது. இங்கே யாழ்ப்பாணத்தில் யுத்த நேரம் பெற்றோல் தடை இருந்த காலத்தில், ஒஸ்ரின், மொரிஸ் மைனர் எல்லாம் பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின. அது வேறு வழி இல்லாத காலம். இப்போது அப்படி இல்லையே.

ஊர் றேடியோ எழுதியது:

எல்லாப் பெட்டியும் பொய் சொல்வதில்லை. பழைய ஜப்பான் கார் றேடியோ 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான் எடுக்கும், எங்கள் எஃப்எம் 108 வரை போகிறது. ஏரியல் வயரின் நடுவே செருகும் பாண்ட் எக்ஸ்பாண்டர் வருகிற அலையை வேறொரு அலையோடு கலந்து கீழே இறக்கும். 14 இறக்கும் பெட்டி என்றால் 100இல் வருவது 86இல் கேட்கும். ஆனால் 104க்கு மேலே உள்ளது கேட்காது. அதனால் வாங்கும்போது எத்தனை இறக்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

வேலணை வயரிங் எழுதியது:

உண்மை, அது நேர்மையான பெட்டி.

மாஸ்ரர், உங்கள் பழைய மெத்தை அறுந்ததுதானா என்று ஒருக்கால் பார்ப்பது நல்லது. பல கார்களில் மெத்தை நன்றாகவே இருக்கும், சீற்றுக்கு அடியில் இருக்கும் பிளக்கில் கறள் பிடித்திருக்கும். தீவுப்பக்கக் கார்களில் உப்புக் காற்றால் இதை அடிக்கடி காண்கிறேன். மெத்தையின் முனைகளில் மீற்றரை வைத்து, ஆளை இருத்தி எழுப்புங்கள். தடை மாறினால் மெத்தை உயிரோடு இருக்கிறது, பிளக்கைத் துப்புரவாக்கினால் போதும். மாறாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் உடைத்து விற்கும் கார்களிலிருந்து அதே மொடலின் சீற்றுக் குசனைத் தேடலாம். எதைத் தொடுவதற்கும் முன் பற்றரி நெகற்றிவைக் கழற்றி, குறைந்தது 90 செக்கன் பொறுங்கள். கம்பியூட்டருக்குள் பாக்கை வெடிக்க வைக்கச் சேமித்த மின் இறங்க வேண்டும். மஞ்சள் பிளக் எல்லாம் எயார்பாக் சம்பந்தப்பட்டது. பாக் முனையில் மட்டும் மீற்றரை வைத்துவிடாதீர்கள். மீற்றர் அனுப்பும் மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம்.