ஃபிரிட்ஜ் 9 டிகிரியில் இருந்திருக்கிறது, நான் 22 வாரக் கர்ப்பம்

கதவு ரப்பர் தளர்ந்து எங்கள் ஃபிரிட்ஜ் (இரட்டைக் கதவு, 6 வருடப் பழசு) சரியாக மூடாமலே இருந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 9 டிகிரி. 4க்கு மேல் போகக் கூடாது. எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை.

அதற்கு முந்தைய இரண்டு நாளும் உள்ளே இருந்த சமைத்த கோழியைச் சூடாக்காமலே சாப்பிட்டேன். பசி, சோம்பல், வேறென்ன சொல்ல. கொஞ்சம் சீஸும், அது பாஸ்டரைஸ் செய்தது, லேபிளைப் பார்த்துவிட்டேன்.

மிச்சத்தையெல்லாம் கொட்டி, உள்ளே கழுவித் துடைத்தாயிற்று. ரப்பர் மாற்றியபின் 3 டிகிரி. இன்றோடு எட்டு நாள். தினம் இரண்டு வேளை பார்க்கிறேன், காய்ச்சல் இல்லை. உடம்புவலி, வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை. குழந்தையின் அசைவு வழக்கம்போல.

பயமெல்லாம் லிஸ்டீரியாதான். ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும் கிருமி, அறிகுறி தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம். டாக்டரிடம் போனில் பேசினேன். இப்போது டெஸ்ட் வேண்டாம், காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொன்னார். பதற்றத்தில் முக்கியமானதைக் கேட்க மறந்துவிட்டேன். நாளை மறுபடி அழைக்கப்போகிறேன்.

இந்த நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: அறிகுறி இல்லாதபோது, இப்படி எத்தனை வாரம் கவனிக்கச் சொன்னார்கள் உங்கள் டாக்டர்?