எகிப்தியரிடம் இருந்தது அறிவியலா, வெறும் கைப்பழக்கமா?

சுண்ணாம்புக்கல்:
நேற்று மகளின் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். அறிவியலும் தத்துவமும் கிரேக்கத்தில்தான் பிறந்தன என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள் முன்னால் நைல் கரையில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டா கல் அடுக்கினார்கள்?

என் கட்சி இது. எகிப்தியர் அறிவியலையும் தத்துவத்தையும் தனித்தனிப் பெட்டியில் வைக்கவில்லை. மாஅத் என்ற ஒரு சொல்லுக்குள் உண்மை, நீதி, உலகின் ஒழுங்கு மூன்றும் அடக்கம். வெள்ளம் உரிய காலத்தில் வருவதும் மாஅத், நீதிபதி பொய்த் தீர்ப்பு சொல்லாததும் மாஅத். மறுமையில் இறந்தவனின் இதயத்தைத் தராசில் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் மாஅத் என்ற பெண்தெய்வத்தின் இறகை வைப்பார்கள் என்று நம்பினார்கள். நிறுத்துப் பார்ப்பதையே அறமாக நினைத்த சமூகத்துக்குத் தத்துவம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அளவுகோல்:
ஐயா, படம் அழகாக இருக்கிறது. ஆனால் இறகு வைத்த தராசு அறிவியல் ஆகாது.

நான் கணக்கு வாத்தியார், அதனால் கணக்கிலிருந்தே வருகிறேன். ஆமோசே என்ற எழுத்தர் கி.மு. 1550 வாக்கில் படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸ் என்ற நாணல்தாள் சுருளில் 84 கணக்குகள் இருக்கின்றன. 50-வது கணக்கு: விட்டம் 9 உள்ள வட்ட வயலின் பரப்பு என்ன? ஒன்பதில் ஒரு பங்கைக் கழி, மிச்சம் 8. எட்டெட்டு 64. முடிந்தது. இன்று நாம் போட்டால் 63.6 வரும், ஆகவே விடை பிரமாதம். ஆனால் எதற்காக ஒன்பதில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்? அதற்கு ஒரு வார்த்தை கிடையாது. ரசம் வைக்கிற குறிப்பு மாதிரிதான். என் வகுப்பில் ஒரு பையன் இப்படி எழுதினால் விடைக்கு மதிப்பெண் போடுவேன், வழிமுறைக்குப் போட மாட்டேன்.

"ஏன்" என்று கேட்டு, அதற்குப் பதில் சொன்னால்தான் தத்துவம். இது கைப்பழக்கம். உயர்ந்த கைப்பழக்கம், ஒப்புக்கொள்கிறேன்.

சுண்ணாம்புக்கல்:
அதே பாப்பிரஸில் இரண்டு கணக்கு முன்னால் போய்ப் பாருங்கள். 48-ல் ஒரு சதுரம், அதற்குள் மூலைகள் வெட்டிய மாதிரி ஓர் உருவம். பக்கம் 9 உள்ள சதுரத்தின் நான்கு மூலையிலும் பக்கத்துக்கு மும்மூன்றாக முக்கோணம் வெட்டினால் மிச்சம் 63. அதற்குப் பக்கத்தில் நிற்கிற வர்க்க எண் 64. வழி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள்.

24-வது கணக்கும் இருக்கிறது. ஓர் எண், அதோடு அதன் ஏழில் ஒரு பங்கு, சேர்ந்தால் 19. முதலில் சும்மா 7 என்று வைத்துக்கொள்கிறார், 8 வருகிறது. 19-ஐ எட்டால் வகுத்து ஏழால் பெருக்குகிறார். பதினாறரையே அரைக்கால். அதோடு நிறுத்தவில்லை. விடையையும் அதன் ஏழில் ஒன்றையும் கூட்டி, 19 வருகிறதா என்று சரிபார்க்கிறார். ரசக் குறிப்பில் சரிபார்ப்பு உண்டா, வாத்தியாரே? சுவடியின் தலைப்பே பொருள்களின் உட்கருத்தை அறிவதற்கு, மறைவானவை எல்லாவற்றையும் தெரிந்துகொள்வதற்கு என்கிற தோரணையில்தான் தொடங்குகிறது.

அளவுகோல்:
சரிபார்த்தது ஓர் எண்ணை. எல்லா எண்ணுக்கும் இது ஏன் பொருந்தும் என்று காட்டவில்லை. தலைப்பு விஷயம், அட்டையில் எல்லோரும்தான் பெரிதாக எழுதுவார்கள்.

கூர்நுனி:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பெரிய பிரமிடின் அட்சரேகை 29.9792458. ஒளியின் வேகம் வினாடிக்கு 299792458 மீட்டர். தற்செயலா?

அளவுகோல்:
ஆமாம், தற்செயல்தான். மீட்டர் 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் வந்தது, எகிப்தியர் முழக்கோலில் அளந்தவர்கள். அட்சரேகையில் ஏழாவது தசம இடம் என்பது தரையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பிரமிடின் ஒரு பக்கம் 230 மீட்டர். அவ்வளவு பெரிய கட்டடத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு சென்டிமீட்டர் கோட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அதிசயம் என்கிறீர்கள்.

சுண்ணாம்புக்கல்:
இதில் நான் அளவுகோல் பக்கம்.

இரவுப்பணி:
நான் அறுவை சிகிச்சை வார்டில் செவிலி. வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், இதில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று ஒரு மருத்துவச் சுருள் உண்டு. கி.மு. 1600 வாக்கில் எழுதிய படி, மூலம் அதைவிடப் பழையது. எட்வின் ஸ்மித் அதை 1862-ல் லக்சரில் வாங்கினார், எகிப்தியல் அறிஞர் பிரெஸ்டட் 1930-ல் மொழிபெயர்த்து வெளியிட்டார். 48 நோயாளிகள், தலையில் தொடங்கிக் கீழே இறங்குகிற வரிசை. ஒவ்வொருவருக்கும் முதலில் தொட்டுப் பார், அப்புறம் இன்னது என்று சொல், அப்புறம் மூன்று தீர்ப்பில் ஒன்று: நான் குணப்படுத்துவேன், நான் போராடிப் பார்ப்பேன், இதற்கு மருத்துவம் இல்லை. எங்கள் அவசரப் பிரிவில் வரிசை பிரிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஆறாவது நோயாளிக்கு மண்டை பிளந்திருக்கிறது. உள்ளே தெரிவது உருகிய செம்பின் மேல் விழும் சுருக்கம் போல இருக்கிறது, விரல் வைத்தால் கைக்குழந்தையின் உச்சிக்குழி மாதிரி துடிக்கிறது என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு யாராவது கைப்பழக்கம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். பார்த்ததை இப்படிச் சொல்வதற்கு முதலில் பார்க்கக் கற்றிருக்க வேண்டும்.

அளவுகோல்:
சகோதரி, அந்த வர்ணனைக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அதே சுருளின் ஒன்பதாம் நோயாளியையும் சொல்லியிருக்க வேண்டும். நெற்றியில் அடிபட்டு ஓடு உடைந்தவர். தீக்கோழி முட்டையைக் கொழுப்போடு அரைத்துக் காயத்தில் வை, அதன் மேல் இந்த மந்திரத்தைச் சொல் என்கிறது. உடைந்த ஓட்டுக்கு முட்டை ஓடு! சுருளின் பின்பக்கத்தில் இன்னும் எட்டு மந்திரங்கள், அதே கையெழுத்தில். கிழவனை இளைஞனாக்கும் குறிப்பும் பின்பக்கத்தில் உண்டு.

ஏபர்ஸ் பாப்பிரஸ் என்ற இன்னொரு மருத்துவச் சுருளில் நாடி பார்க்கும் பகுதியில் மருத்துவர், செக்மெத் தெய்வத்தின் பூசாரி, தாயத்து கட்டுபவர் மூவரையும் ஒரே வரியில் சமமாக வைத்திருக்கிறார்கள். எது அறிவு, எது நம்பிக்கை என்று பிரிக்கத் தோன்றாதவர்களிடம் அறிவியலின் தத்துவத்தைத் தேடி என்ன பயன்?

சுண்ணாம்புக்கல்:
பிரிப்பதுதான் தத்துவம் என்பது உங்கள் முடிவு. ஷபாகா கல் என்ற எகிப்தியக் கல்வெட்டில், கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பொறித்தது, கண் காண்பதும் காது கேட்பதும் மூக்கு சுவாசிப்பதும் நெஞ்சுக்குச் செய்தி சொல்கின்றன, நெஞ்சு நினைத்ததை நாக்கு உரைக்கிறது என்று வருகிறது. அறிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இது பதில் இல்லையா? நெஞ்சறியப் பொய் சொல்லாதே என்று பேசுகிற நமக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. பிற்காலத்தில் யாரோ அந்தக் கல்லில் ஓட்டை போட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அரைக்கும் கல்லாக இருக்கலாம். நல்ல தத்துவ நூல்களின் கதி!

அளவுகோல்:
அந்த வரிகள் போய் முடிவது ப்தா கடவுள் எல்லாத் தெய்வங்களையும் படைத்தார் என்பதில். பெருமை பாடுவதற்கான முன்னுரை அது.

உங்கள் மாஅத் நல்லதுதான் செய்தது என்றும் சொல்ல முடியாது. ஆண்டுக்கு 365 நாள். நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வழுக்குகிறது, விழாக்கள் பருவம் மாறிப் போகின்றன. கி.மு. 238-ல் பூசாரிகள் கூடி வெளியிட்ட கானோபஸ் ஆணையில் நான்கு ஆண்டுக்கு ஒரு நாளைச் சேர்க்கச் சொன்னார்கள், நிலைக்கவில்லை. ஒழுங்கைத் தொடக்கூடாது என்ற தத்துவம் வானியலின் கையைக் கட்டிப்போட்டது.

சுண்ணாம்புக்கல்:
கணக்குப் போடுகிறவருக்கு ஆண்டுக்கு ஆண்டு நீளம் மாறாத அந்த 365 வரம், ஐயா. வானியலாளர் தாலமி கிரேக்க மொழியில் எழுதியபோதும் எகிப்திய ஆண்டில்தான் கணக்கிட்டார். கோப்பர்நிக்கஸும் 1543 நூலில் அதையே எடுத்துக்கொண்டார்.

இரவுப்பணி:
மந்திரத்துக்கு வருகிறேன், இரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

பின்பக்கத்து எட்டு மந்திரங்களும் ஆண்டுதோறும் வரும் கொள்ளைநோயை விரட்ட. முன்பக்கத்தில் இருப்பவர்கள் அடிபட்டவர்கள், விழுந்தவர்கள், வெட்டுப்பட்டவர்கள். காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் கை, தெரியாவிட்டால் மந்திரம். எட்டாம் நோயாளிக்கு உள்ளே மண்டை நொறுங்கியிருக்கிறது, வெளியே காயம் இல்லை. காலை இழுத்து நடக்கிறார். அங்கே "வெளியிலிருந்து நுழைந்தது" என்ற சொல்லுக்கு உரை எழுதியிருக்கிறார்கள்: புறத்துத் தெய்வத்தின் மூச்சு அல்லது சாவு, அவன் தசையே உண்டாக்கியது அல்ல. வெளிக்காரணம், உள்காரணம் என்று பிரிக்கத் தெரிந்திருக்கிறது, வாத்தியாரே. பிரிக்கத் தோன்றாதவர்கள் என்றீர்களே?

வேறோர் இடத்தில் நோயாளியை "கட்டுத்தறியில் கட்டி வை" என்று வருகிறது. படகைக் கரையில் கட்டிவைக்கிற நைல்காரர்களின் பேச்சு. வழக்கமான சாப்பாட்டைக் கொடு, மருந்து எதுவும் கொடுக்காதே என்று அதற்கும் உரை. பழைய சொல் புரியாது என்று தெரிந்து அடுத்தவனுக்காக விளக்குகிறவன் வெறும் கைத்தொழிலாளி இல்லை.

அளவுகோல்:
சரி, எட்டாம் நோயாளியின் உரைக்கு வழிமுறை மதிப்பெண் போடுகிறேன். "பிரிக்கத் தோன்றாதவர்கள்" என்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் காரணம் தெரிந்தால் கை, தெரியாவிட்டால் மந்திரம் என்ற விதியை அவர்கள் எழுதவில்லை, நீங்கள் எழுதினீர்கள். ஒன்பதாமவரை எங்கே வைப்பீர்கள்? நெற்றிக் காயம் கண்ணெதிரே தெரிகிறதே!

இரவுப்பணி:
அங்கேதான் நானும் மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தால் ஓடு கூடியிருக்கும், நிறம் தீக்கோழி முட்டை போல இருக்கும் என்று வேறு எழுதியிருக்கிறார். பார்க்காதவன் அந்த நிறத்தைச் சொல்லியிருக்க மாட்டான். பார்த்தவன் எதற்காக மந்திரம் சொன்னான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்று இரவும் பணி. காலையில் வருகிறேன்.