பொருள்: 'ஸ்கேலபிலிட்டி'க்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

மடல் 1
அன்பர்களே, வணக்கம். திசைவித்தல் நெறிமுறைகள் (கணினிப் பிணையத்தில் தரவு போகும் பாதையைத் தேர்வதற்கான விதிகள்) பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஸ்கேலபிலிட்டி', அதாவது பிணையம் பெருத்தாலும் நெறிமுறை தளராமல் இயங்குவது, வரும் இடமெல்லாம் காலியாகக் கிடக்கிறது. சிலர் எழுதும் 'அளவீட்டுத்திறன்' அளந்து பார்ப்பதைத்தான் குறிக்கும். ரிப் நெறிமுறை 15 தாவல்கள் (ஒரு திசைவியிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) வரைதான் போகும். 16 என்றால் அதன் கணக்கில் முடிவிலி, எட்டாத இடம். இந்தக் குறையை ஒரே சொல்லில் சொல்ல வேண்டும்.

மடல் 2
'வளர்தகவு'. முக்காலத்தையும் உள்ளடக்கிய வினைத்தொகை. தகவு வள்ளுவர் ஆண்ட சொல்.

மடல் 3
ஐயா, 'தக்கார் தகவிலர்' என்னும் 114-ஆம் குறளில் தகவு என்பது நடுவுநிலைமை, அதிகாரமே அதுதான். இயற்பியலில் விகிதத்துக்கும் தகவு என்று எழுதுகிறார்கள். மாணவர் எதை எடுத்துக்கொள்வார்?

மடல் 4
வளர்வது எது என்று முதலில் பாருங்கள். வளர்வது பிணையம், நெறிமுறை அதற்கு ஈடுகொடுக்கிறது. ஓஎஸ்பிஎஃப் என்னும் நெறிமுறையில் ஓர் இணைப்பு விழுந்தால் அந்தச் செய்தி, பிணையத்தின் அந்தப் பகுதி முழுக்கப் பரவும். அங்குள்ள ஒவ்வொரு திசைவியும் பாதைகளைத் திரும்பக் கணக்கிடும். பிணையம் பெருக்கப் பெருக இந்த வேலையும் ஏறும். அதனால்தான் பகுதிகளாகப் பிரித்து, எல்லாவற்றையும் முதுகெலும்பான பூஜ்யப் பகுதியில் கோக்கிறோம். 2014 ஆகஸ்டில், இணையத்தின் பிணையங்களுக்கிடையே வழிகாட்டும் பிஜிபி நெறிமுறையின் உலக அட்டவணை 5,12,000 வழிகளைத் தாண்டியபோது, பழைய திசைவிகள் சிலவற்றில் ஒதுக்கிய நினைவகம் போதவில்லை. இணையம் பல இடங்களில் தடுமாறியது. ஆகவே, 'ஈடுகொடுதிறன்'.

மடல் 5
'கொடுதிறன்' காதில் கொடுமையாக விழுகிறதே!

மடல் 6
விழாது. கொடுமைப் பொருளில் வந்தால் மெல்லினம் தோன்றிக் 'கொடுந்திறன்' ஆகும். கொடுங்கோல் போல.

மடல் 7
ஸ்கேலபிலிட்டி என்றே எழுதுங்கள். புரியாத சொல்லைப் படித்துவிட்டு மாணவர் மறுபடி ஆங்கிலத்தில்தான் தேடப் போகிறார்.

மடல் 8
'திசைவி'யும் ஒரு காலத்தில் புரியாத சொல்தான். இன்று இந்த இழையில் யாரும் அதற்கு விளக்கம் கேட்கவில்லை.

மடல் 1 எழுதியவர்
நேரமாகிவிட்டது. பெரும்பாலோர் பக்கம் சாய்ந்து 'ஈடுகொடுதிறன்' என்று அச்சுக்கு அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ஸ்கேலபிலிட்டி அடைப்புக்குள் வரும்.

மடல் 2 எழுதியவர்
எனக்கு உடன்பாடில்லை. இணைப்பு அறுந்தாலும் நெறிமுறை மாற்றுப் பாதை கண்டு ஈடுகொடுக்கிறது. பெருக்கத்துக்கும் பழுதுக்கும் ஒரே சொல்லா? அடுத்த பாடம் பழுது தாங்குவதைப் பற்றியது. அங்கே என்ன எழுதுவீர்கள்?