நாதஸ்வரப் பதிவில் நொறுங்கல்: பழி கெர்னல் மீதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வீட்டு மாடியில் மாமாவின் நாதஸ்வரத்தைப் பதிவு செய்கிறேன். மூன்று வாரமாக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுவடையைக் கடித்தது போல் ஒரு நொறுங்கல். நீண்ட கார்வையில் அப்பட்டமாகக் கேட்கிறது.

இரண்டு சேனல் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கணினிக்கு அனுப்பும் பெட்டி), 48 கிலோஹெர்ட்ஸ், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 6.8, ஒலியைக் கையாளும் பைப்வயர் மென்பொருள். கேபிளையும் போர்ட்டையும் மாற்றியாயிற்று. பஃபரை (ஒலித் தரவு தற்காலிகமாகத் தங்கும் இடம்) 256 சாம்பிளிலிருந்து 1024 ஆக்கினேன், குறைந்தது, ஒழியவில்லை. பைப்வயரை நிறுத்திவிட்டு கெர்னலின் ஒலி அமைப்பான அல்சாவில் நேரடியாகப் பதிந்தபோதும் வந்தது. (மாமாவோ நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைச் சந்தேகிக்கிறார்.) கெர்னலுக்கு வெளியே, பயனர் வெளியில் (சாதாரண நிரல்கள் ஓடும் இடம்) ஓடும் பைப்வயர் மீது இனிப் பழி போட முடியாது.

கெர்னலில் உள்ள யூஎஸ்பி ஆடியோ டிரைவரை விலக்கிவிட்டு, லிப்யூஎஸ்பி என்ற நிரலகம் வழியாகப் பயனர் வெளியிலிருந்தே இன்டர்ஃபேஸை இயக்கினால் இது தீருமா, இல்லை இன்னும் மோசமாகுமா?