கால்சினேஷன்: வறுப்பதா, நீற்றுவதா, புடமிடுவதா?

வணக்கம்.

ஒரு பொருளை உருகாத அளவுக்குச் சூடாக்கி, அதிலுள்ள வாயுவையும் நீரையும் வெளியேற்றும் கால்சினேஷனுக்கு 'காற்றில்லா வறுத்தல்' பாடநூலில் பழகிய சொல், அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். உலோகவியலுக்குச் சரி. லித்தியம் மின்கல ஆக்சைடு செய்கிறவரை அது வழிதவறவிடும்.

நீரில் வீழ்படிவாக்கிய கோபால்ட் கார்பனேட், ஊதா கலந்த இளஞ்சிவப்புத் தூள். அலுமினாப் படகில் பரப்பி, உலையில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாக 450 வரை ஏற்றினால் கரிய தூளாக வெளியே வரும். அதுதான் நானோ அளவிலான டிரைகோபால்ட் டெட்ராக்சைடு. அது தேக்கக்கூடிய மின்னூட்டம் கோட்பாட்டின்படி கிராமுக்கு 890 மில்லிஆம்பியர்-மணி; மின்கலங்களில் வழக்கமாகப் போடும் கிராஃபைட்டுக்கு 372தான். ஆனால் அந்த ஆக்சைடு உருவாகக் காற்றிலிருந்து ஆக்சிஜன் வேண்டும். சொல்லை நம்பிக் காற்றை அடைத்தால் கிடைப்பது கோபால்ட் மோனாக்சைடு. வேறு பொருள்!

'நீற்றுதல்' பழைய அகராதிகளில் இருப்பதுதான். ஆனால் நீற்றுச் சுண்ணாம்பு என்றாலே தண்ணீர் ஊற்றியது என்றுதான் எல்லோருக்கும் மனத்தில் வரும். சூளையில் சுட்டது சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

என் பரிந்துரை: புடமிடல். சித்த மருத்துவத்தில் மருந்துச் சரக்கை அகலில் வைத்து, சீலைமண் (மண் பூசிய துணி) சுற்றி அடைத்து, வரட்டித் தீயில் புடமிடுகிறார்களே, அங்கும் காற்றில்லையே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அந்த நிபந்தனை சொல்லுக்குள் இல்லை. காற்றுப்புடம், ஆர்கான் (வினைபுரியாத வாயு) புடம் என்று முன்னொட்டு போட்டால் தீர்ந்தது. புடவெப்பநிலை, மறுபுடம் எல்லாம் தாமாகவே வந்துவிடுகின்றன.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. காடைப்புடம், கவுதாரிப்புடம், குக்குடப்புடம், வராகப்புடம், கஜபுடம் என்று வரட்டிக் கணக்கை வைத்துத் தீயை அளந்து பெயரிட்டிருக்கிறார்கள். நம் வேலையின் உயிரும் அதில்தான். தீ கூடினால் துகள்கள் ஒட்டி வளர்ந்துவிடும்; நானோ போய் மைக்ரான் ஆகிவிடும். 900 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜனையும் இழந்து மறுபடி மோனாக்சைடுதான்.

'புடம் போட்ட தங்கம்' என்பதால் தூய்மையாக்கல் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற ஆட்சேபத்தை ஏற்கிறேன். கரியமிலவாயுவும் நீரும் வெளியேறுவதால் எனக்கு அது அவ்வளவு உறுத்தவில்லை.

நானோவை நானோவாகவே விடுவோம், அதற்கு இன்னொரு சண்டை வேண்டாம். அப்புறம், துகள்கள் ஒட்டி இறுகும் சின்டரிங்குக்கு 'இறுகச்சுடல்' எப்படி? எனக்கே முழுத் திருப்தி இல்லை. மட்பாண்டம் சுடுகிறவர்களிடம் சொல் இருந்தால் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.